பலர் கருத்தும் அவையின் முடிபும்

சென்ற ஆண்டு நடந்த நம் சங்கத்து மகாசபைக்கு வந்திருந்த அன்பர்கள் அன்று மாலை நிகழ்ந்ததனை மறந்திரார். சங்க நிதியிற் சேர்ந்திருந்த பொருளை எவ்வழியிற் செலவிடுவது என்னும் வினா எழுந்தபோது மூன்று பிரேரணைகள் வந்தன. கலியாண மண்டபம் கட்டவேண்டும் என்பது ஒன்று. வெளியூர்களினின்றும் வந்து கற்கும் நம் பிள்ளைகட்கு மாணவர் விடுதி அமைக்கவேண்டும் என்பது மற்றொன்று. நூல்நிலையம் நிறுவவேண்டும் என்பது மூன்றாவது. அக்கிராசனர் கைதூக்கச் சொல்லி எண்ணினார். மண்டபத்திற்குக் கைதூக்கினோர் ஏனை இரண்டனுள் எதற்குத் தூக்கினோரினும் மிக்கிருந்தனர். ஆயினும் கூடியிருந்தோரிற் பாதிக்குக் குறைந்தவரே. தீர்மானம் நிறைவேறியதாகப் புத்தகத்திற் பதிவாயிற்று. பந்தியில் இலை போடுமுன்னரே நூல்நிலையத்தார் சிலர் விடுதியாரை நோக்கி, "நும் பிரேரணை ஒன்றே மண்டபத்திற்கு எதிர்நின்றிருப்பின் எங்கள் கையெல்லாம் நும் பக்கமே உயர்ந்திருக்கும்" என்று கூறக் கேட்டேம்.

அவர் கூற்று மெய்யாயின், சங்கத்தின் தீர்மானமென்று நாம் எழுதிவைத்தது சங்கத்தின் விருப்பந்தானா? பலர் கூடிய அவைக்கு ஒருவர்க்குள்ளது போல ஒரு மனம் உண்டா? உண்டெனின் அதனை அறியும் வழி யாது? யாம் நூல்நிலையத்திற்குக் கைதூக்கியவராதலின், தோற்றவர் புலம்பலென்று அன்பர்கள் இதனைத் தள்ளிவிடாது, இவ்வினா பல நூற்றாண்டுகளாகப் பேரவைகளையும் பேரறிஞரையும் வருத்தியதொன்று என்பதனைச் சரித்திர வாயிலாக அறிந்து பின்னர்த் தீர்ப்புக் கூறுமாறு வேண்டுகின்றோம்.

ரோமாபுரியிலிருந்து தொடங்குவாம். கி.பி. 105ஆம் ஆண்டில் அந்நகரில் கான்சல் என்னும் உயர்பதவி வகித்த அப்ரானியஸ் டெக்ஸ்டர் என்பவர் இறந்துகிடக்கக் காணப்பட்டார். தம் கையாலேயே மாண்டாரோ, வீட்டாராற் கொலையுண்டாரோ, கொலையாயின் அது வஞ்சத்தால் விளைந்ததோ, அவர் தாமே ஏவியதனால் நேர்ந்ததோ தெளிவாகவில்லை. அவரால் விடுதலை செய்யப்பெற்ற பழைய அடிமைகளை என்செய்வது என்னும் வினா செனேட்டு என்னும் மூதவையின்முன் வந்தது. அவையினர் மூன்று பிரிவாயினர். அவர்களை விடுவிக்க என்றனர் ஒரு சாரார். தீவொன்றிற்கு நாடுகடத்துக என்றனர் ஒரு சாரார். கொல்க என்றனர் மற்றொரு சாரார். விடுவிக்க என்றவருள் ஒருவர், கடிதங்களாற் புகழ்பெற்ற இளைய பிளினி என்பார்.

அவ்வவையில் வாக்களித்தலாவது, தாம் உடன்படும் கருத்தினை உரைத்தவர் பக்கம் எழுந்து சென்று நிற்றலே. கொல்க என்பாரும் நாடுகடத்துக என்பாரும் தண்டிக்கவேண்டும் என்னும் அளவில் ஒத்தவராதலின் ஒருபுறம் சேர்ந்திருந்தனர். பிளினி இதனை மறுத்தார். கொலைக்கும் நாடுகடத்தலுக்கும் உள்ள சேய்மை, நாடுகடத்தலுக்கும் விடுதலைக்கும் உள்ள சேய்மையினும் பெரிதன்றோ? இவ்விருவரும் விடுதலையை வீழ்த்தும்வரை ஓரணியாய் நின்று, பின்னர்த் தம்முட் பிரிதல் யாங்ஙனம் முறையாகும்? மூன்று கருத்தினரும் மூன்றிடத்து நிற்கவேண்டும், மூன்றனையும் தனித்தனி எண்ணவேண்டும் என்று அவர் வற்புறுத்தினார்; அவையும் இசைந்தது.

பிளினி கேட்டது நேர்மையான முறையென்றே முதற்கண் தோன்றும். ஆயின் மூன்றனையும் தனித்தனி எண்ணின் விடுதலைக் கட்சியே பெருந்தொகையாகும் என்று அவர் எண்ணியிருத்தல்வேண்டும் என்பதனையும் கருதுக. எதிர்க்கட்சியாரும் அதனை உணர்ந்தனர். கொல்க என்று பிரேரித்தவர் தம் கருத்தினைக் கைவிட்டு நாடுகடத்துவார் பக்கம் சென்று சேர்ந்தார். அவரைப் பின்பற்றினோரும் சென்றனர். மூன்று இரண்டாயிற்று. பிளினி தாம் செய்தது முறைதானா என்று டிஷியஸ் அரிஸ்டோ என்னும் சட்ட வல்லுநர்க்கு நீண்டதொரு கடிதம் எழுதிக் கேட்டார். கொடுங்கோல் மன்னர் காலத்தில் அவைமுறைகளைக் கற்க வாய்ப்பின்றி வளர்ந்த தலைமுறையினர் யாங்கள் என்று அதில் அவர் வருந்துகின்றார். தலையெழுத்து முடிவாகவேண்டியவர்களோ அவ்வவையின் வாயிலுக்கு வெளியே நின்றனர். அவர்தம் உயிர் சாட்சியத்தால் மட்டுமன்று, வினாவை இரண்டாக்குவதா மூன்றாக்குவதா என்னும் முறையினாலும் அளக்கப்பட்டது.

இதனைக் கணக்கின் வாயிலாக ஆராய்ந்தவர் பிரெஞ்சு நாட்டறிஞர். பாரிஸ் நகரத்து அரச விஞ்ஞானக் கழகத்திற்குப் புதிய உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கவேண்டி வருதல் இயல்பு. அதன் உறுப்பினராகிய ழான் ஷார்ல் தெ போர்தா என்பார் படையிற் பொறியியலாளராகவும் பின்னர்க் கடற்படையினும் பணிபுரிந்தவர். அளவைக் கருவிகளில் வல்லவர். அவர் 1770ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் கழகத்தின்முன், ஒவ்வொருவரும் ஒரு பெயரையே கூறி எண்ணும் வழக்கமான முறை பிழைபடும் என்று எடுத்துக்காட்டினார். அவர் காட்டிய கணக்கினை அன்பர்கள் பென்சில் கொண்டு போட்டுப் பார்க்க.

அ, ஆ, இ என மூவர் நிற்கின்றனர். வாக்களிப்போர் 21 பேர். 8 பேர் அ என்பவரை முதலில் வைக்கின்றனர். அவருள் 7 பேர் இ என்பவரை இரண்டாமிடத்தும், ஒருவர் ஆ என்பவரை இரண்டாமிடத்தும் வைக்கின்றனர். 7 பேர் ஆ முதல், இ இரண்டு, அ கடை என்கின்றனர். எஞ்சிய 6 பேர் இ முதல், ஆ இரண்டு, அ கடை என்கின்றனர். கைதூக்கி எண்ணின் அ 8, ஆ 7, இ 6. ஆதலின் அ வென்றார். ஆயின் 21 பேரில் 13 பேர் அவரைக் கடையில் வைத்தவர்! அ, ஆ இருவரையும் மட்டும் நிறுத்தின் 13 பேர் ஆ பக்கம். அ, இ இருவரை நிறுத்தினும் 13 பேர் இ பக்கம். ஆ, இ இருவரை நிறுத்தினும் 13 பேர் இ பக்கம். கைதூக்கலிற் கடைசியாக நின்ற இ என்பவரே தனித்தனிப் போட்டியில் எல்லாரையும் வெல்பவர். நம் மகாசபையில் நடந்தது இதுதானோ என்னும் ஐயம் இக்கணக்கினைக் கண்டபின்னரே எமக்கு வலுத்தது.

போர்தா கூறிய மாற்று, பள்ளிக்கூடத்தில் மார்க்கு இடுதலை ஒத்தது. ஒவ்வொருவரும் மூவரையும் வரிசைப்படுத்தி எழுதுக. முதலிடத்திற்கு 3, இரண்டாமிடத்திற்கு 2, மூன்றாமிடத்திற்கு 1 எனக் கொண்டு கூட்டுக. மேற்கண்ட கணக்கில் அ 37, ஆ 42, இ 47 பெறுவர். வரிசை அப்படியே தலைகீழாதல் காண்க. இம்முறைக்கும் ஒரு தீங்கு உண்டு. தம் நண்பர்க்கு வலிய போட்டியாளர் எவரோ அவரை, தகுதியுடையவர் என்று அறிந்தும், வேண்டுமென்றே கடையில் எழுதிவிடுவோர் இருப்பர். இதனைச் சுட்டியபோது போர்தா, தம் முறை நேர்மையாளர்க்கே வகுக்கப்பட்டது என்று விடை கூறினார் என்பர். நாற்பது வயது கடந்த எவரும் இவ்விடை போதும் என்று கூறார்.

போர்தாவினும் ஆழச் சென்றவர் அக்கழகத்தின் நிலையான காரியதரிசியாக விளங்கிய கொந்தோர்சே பிரபு. இவர் 1743இற் பிறந்தவர், கணிதர், அடிமை வியாபாரத்தைக் கண்டித்தவர், பெண்களுக்கும் வாக்குரிமை வேண்டும் என்று 1790ஆம் ஆண்டிலேயே எழுதியவர். பெரும்பான்மையால் ஆகும் முடிபுகளைப் பற்றி இவர் 1785இல் வெளியிட்ட பெருநூலில் இரண்டு முடிபுகள் உள. ஒன்று நம்பிக்கை தருவது. மற்றொன்று நம்பிக்கையைக் குலைப்பது.

முன்னது வருமாறு: உண்மையொன்றினை அறிதற்குப் பலர் கூடினர் என்க, ஒவ்வொருவரும் பத்து முறையில் ஆறு முறை சரியாக உரைப்பவர் என்க. தனியொருவர் நூற்றுக்கு அறுபது முறை சரியாவர். மூவர் கூடிப் பெரும்பான்மை கொண்டால் நூற்றுக்கு ஏறக்குறைய 65 முறை சரியாகும். 101 பேர் கூடினால் 97 முறைக்கு மேலும் சரியாகும். சாதாரண அறிவினர் பலர் கூடின் பேரறிவு பிறக்கின்றது! ஆயின் இதற்கு இரண்டு கட்டளைகள் உண்டு. ஒவ்வொருவரும் சரியாதல் பாதிக்கு மேற்பட்டிருக்கவேண்டும். பாதிக்குக் குறையின் கூட்டம் பெருகப் பெருகப் பிழையே உறுதிப்படும். மற்றொன்று, ஒவ்வொருவரும் தாமே எண்ணித் தீர்ப்புக் கூறவேண்டும். முன்வரிசையில் அமர்ந்த பெரியவர் ஒருவரின் கையை நோக்கி நூறு கைகள் உயருமாயின், அங்கே எண்ணப்பட்டது நூறு கை; இருந்தது ஒரு கருத்து. இதனை எழுதும்போது எம் நினைவில் வந்த கூட்டங்கள் எவை என்று அன்பர்கள் வினவற்க.

பின்னதனை நம் மூன்று பிரேரணைகளைக் கொண்டே விளக்குவாம். மூவர் உள்ளனர். முதல்வர்க்கு மண்டபம், விடுதி, நூல்நிலையம் என்பது விருப்ப வரிசை. இரண்டாமவர்க்கு விடுதி, நூல்நிலையம், மண்டபம். மூன்றாமவர்க்கு நூல்நிலையம், மண்டபம், விடுதி. மண்டபத்தையும் விடுதியையும் ஒப்பிடின் இருவர் மண்டபம் என்பர். விடுதியையும் நூல்நிலையத்தையும் ஒப்பிடின் இருவர் விடுதி என்பர். அங்ஙனமாயின் மண்டபம் நூல்நிலையத்தை வெல்லவேண்டுமன்றோ? இல்லை, இருவர் நூல்நிலையம் என்பர்! செக்குமாடு போல முடிபு சுற்றிவருகின்றது. மூவரில் எவரும் முரண்படப் பேசவில்லை. மூவரும் சேர்ந்த அவையே முரண்படுகின்றது. இந்நிலையில் எந்த இரண்டனை முதலில் மோதவிடுவது என்பதனைத் தீர்மானிப்பவர் கையில் முடிபு முழுதும் அடங்கிவிடும். மண்டபத்தையும் விடுதியையும் முதலில் மோதவிட்டால் ஈற்றில் நூல்நிலையம் வெல்லும். விடுதியையும் நூல்நிலையத்தையும் முதலில் விட்டால் மண்டபம் வெல்லும். எஞ்சிய இரண்டனை முதலில் விட்டால் விடுதி வெல்லும். கடைசியில் களமிறங்குவதே வாகை சூடும். அக்கிராசனர் கைதூக்கவும் வேண்டா. வினாக்களின் வரிசையை வகுத்தாற் போதும்.

இவற்றை ஏட்டில் எழுதிய கொந்தோர்சே எட்டு ஆண்டுகளுக்குள் இவற்றினும் கொடியதோர் எண்ணிக்கையில் தாமே அமரநேர்ந்தது. பிரெஞ்சுப் புரட்சியில் அமைந்த தேசியப் பேரவை பதினாறாம் லூயி மன்னனை 1793ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் விசாரித்தது. மன்னன் குற்றவாளியா, தீர்ப்பினை மக்களிடம் விடுவதா, தண்டனை யாது என்னும் வினாக்கள் தனித்தனியே வாக்கிற்கு வந்தன. அவற்றை எவ்வரிசையிற் கேட்பது என்பதிலேயே பெருவாதம் நிகழ்ந்தது. தண்டனை பற்றிய வாக்கெடுப்பு 16ஆம் நாள் மாலை தொடங்கி மறுநாள் மாலை வரை நடந்தது. ஒவ்வோர் உறுப்பினரும் மேடையேறித் தம் தீர்ப்பினை வாய்விட்டுக் கூறவேண்டும். பார்வையாளர் மாடங்களிற் கூட்டம் திரண்டிருந்தது. கொந்தோர்சே மரணதண்டனையையே மறுப்பவராதலின், மரணம் நீங்கலாகச் சட்டத்தில் உள்ள மிகப் பெரிய தண்டனையை விதிக்க என்றார்.

வாக்களித்தோர் 721 பேர். பெரும்பான்மைக்கு வேண்டியது 361. நிபந்தனையின்றி மரணம் என்றோர் 361 பேர். மரணம் என்று கூறி, நிறைவேற்றுதலை ஒத்திவைப்பதா என்பதனை அவை ஆராயவேண்டும் என்று வேண்டியோர் 26 பேர். ஏனையோர் 334 பேருள் சிறை என்றாரும், நாடுகடத்தல் என்றாரும், விலங்கு என்றாரும், நிபந்தனையோடு மரணம் என்றாரும் எனப் பலர் விரவியிருந்தனர். அந்த 26 பேரை எப்பக்கம் சேர்ப்பது? மரணம் என்றாரோடு சேர்ப்பின் 387. சேர்க்காவிடின் மன்னன் உயிர் ஒரே வாக்கில் தொங்குகின்றது. அவர்களை மரணத்தின் பக்கமே சேர்த்து எண்ணினர். பின்னர்த் தண்டனையை ஒத்திவைப்பதா என்று தனியே கேட்டபோது 380 பேர் வேண்டா என்றனர். 310 பேர் வேண்டும் என்றனர். 21ஆம் நாள் மன்னன் தலை துணிக்கப்பட்டது. அம்மன்னனுக்காக யாம் பரிந்து பேசவில்லை. 721 பேர் உள்ளத்துக் கிடந்த பலவகை எண்ணங்களை ஆம், அன்று என்னும் இரண்டு பைகளில் அடைத்தபோது அவற்றுட் பல எங்ஙனம் நசுங்கின என்பதனையே காட்டுகின்றோம்.

அடுத்த மாதமே கொந்தோர்சே குடியரசிற்கு ஓர் அரசியலமைப்பு வரைந்து பேரவைமுன் வைத்தார். அதில் தேர்தல் முறையினை நுணுக்கமாக வகுத்திருந்தார்; அது சிக்கலானது என்று இகழப்பட்டு ஒதுக்கப்பட்டது. அதற்கு மாறாக வந்ததனைக் கண்டித்து அவர் எழுதியமையால் ஜூலை மாதத்தில் அவரைப் பிடிக்கக் கட்டளை பிறந்தது. பாரிஸில் விதவையொருத்தியின் வீட்டில் ஒன்பது மாதத்தளவு மறைந்திருந்து, மனித அறிவின் முன்னேற்றத்தைப் பற்றியே நூலெழுதினார்! 1794ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் அங்கிருந்து வெளியேறிப் பிடிபட்டுச் சிறையில் இறந்துகிடந்தார். நஞ்சுண்டனர் என்பாரும் உளர். உடல் சோர்ந்து மாண்டனர் என்பாரும் உளர்.

அவர் கண்ட சுழற்சிக்கு மருந்து உண்டா என்னும் வினா நெடுங்காலம் கிடந்தது. 1951இல் அமெரிக்கப் பொருளியலறிஞர் கென்னத் அரோ இதற்கு விடை கூறினார். மூன்றோ அதற்கு மேற்பட்டனவோ தெரிவுகள் உள்ளவிடத்து, அவையினர் எவ்வரிசையிலும் விரும்பலாம். எல்லாரும் ஒன்றனை மற்றொன்றினும் விரும்பின் அவையும் அங்ஙனமே விரும்பவேண்டும். இரண்டனை ஒப்பிடுங்கால் மூன்றாவதனைப் பற்றிய கருத்து இடைபுகலாகாது. ஒருவர் விருப்பமே எஞ்ஞான்றும் எல்லார் விருப்பமாகிவிடலாகாது. இத்துணையே கேட்பினும், முரணற்ற வரிசை தரும் முறை ஒன்றும் இருத்தலியலாது என்று அவர் நிறுவிவிட்டார். 1972இல் அவர்க்கு நோபல் பரிசும் கிடைத்தது. குறையற்ற முறை இல்லை என்பதனால் எல்லா முறையும் ஒரே அளவு குறையுடையன என்பது போதராது. பழுதற்ற தராசு இல்லை என்பதற்காகக் கண்ணளவிற் பொன் வாங்குவார் இலர்.

இனி நம் நாட்டு அவைகளைச் சிறிது நோக்குவாம். உத்தரமேரூர்க் கல்வெட்டினை எடுத்துக்காட்டி, வாக்குச்சீட்டினை உலகிற்கு அளித்தவர் தமிழரே என்று மேடைகளில் முழங்குவது வழக்கமாகிவிட்டது. தமிழாசிரியராகிய எமக்கும் அது செவிக்கினியதே. எனினும் உண்மை அதுவன்று. முதலாம் பராந்தக சோழனுடைய 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுகளில், அஃதாவது ஏறத்தாழ கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட அக்கல்வெட்டுக்கள் கூறும் குடவோலை, விருப்பத்தை எண்ணுவதன்று, திருவுளச்சீட்டு எடுப்பதாகும். ஊரின் முப்பது குடும்புகளினும் தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடும்புவாரியாகக் கட்டிக் குடத்திலிடுவர். பாலரும் முதியரும் உள்ளிட்ட மகாசபை கூடியிருக்க, நம்பிமாருள் முதியவர் ஒருவர் குடத்தை எல்லாரும் காண எடுத்து நிற்பர். உள்ளிருப்பது அறியாத சிறுவனொருவன் ஒரு கட்டினை எடுப்பான். அதனை வேறு குடத்திற் குலைத்திட்டு அதனினின்று ஓர் ஓலை எடுப்பான். மத்தியஸ்தன் ஐந்து விரலும் அகல விரித்த உள்ளங்கையில் அதனை ஏற்று வாசிப்பான். நம்பிமார் எல்லாரும் அதனையே மீண்டும் வாசிப்பர். விரலிடுக்கில் ஓலை ஒளிக்கும் வித்தை அக்காலத்தும் இருந்தது போலும்!

இம்முறையின் வலிமை குடத்திற்குள் இல்லை; குடத்திற்குள் ஓலை புகுமுன் உள்ளது. 14ஆம் ஆண்டுக் கல்வெட்டின்படி, வரிசெலுத்தும் நிலம் கால்வேலிக்கு மேலும், சொந்த மனையில் வீடும், வேதக் கல்வியும், 35க்கு மேல் 70க்குட்பட்ட வயதும் உடையவர் பெயரே எழுதப்படும். முந்திய மூன்றாண்டுகளில் வாரியஞ் செய்தார் பெயர் எழுதலாகாது. வாரியஞ் செய்து கணக்குக் காட்டாதிருந்தாரும், அவர்தம் நெருங்கிய உறவினரும் ஒதுக்கப்படுவர். இவ்விதி நம் சங்கத்திற்கும் உதவும் என்று எவரேனும் பிரேரித்தால் யாம் மறுத்துப் பேசோம். 12ஆம் ஆண்டில் வகுத்ததனை இரண்டாண்டிற்குள் திருத்தியதும் போற்றத்தக்கது. எனினும் அவ்வவை நிலமுடைய அந்தணர் அவை. ஏனை வகுப்பாரும் பெண்டிரும் அக்குடத்திற்கு வெளியே நின்றவர் என்பதனை மறைத்தல் சரித்திரம் எழுதுவார்க்கு அழகன்று. குடத்தினின்று ஓலை எடுக்கும் வழக்கம் சோழர் காலத்தினும் பழைமையுடைத்து. அகநானூற்றின் 77ஆம் பாட்டில் அஃது உவமையாக வருதல் புலவர் அறிவர்.

ஆளைத் தெரிவதற்குக் குடவோலை நன்று. தகுதியுடையார் எல்லாரும் ஒத்தவராயின், எவர் வரினும் பழுதில்லை. கட்சியும் கெஞ்சுதலும் இல்லை. ஆயின் விடுதியோ மண்டபமோ என்பதனைச் சிறுவன் கையில் விட இயலாது. அத்தகைய முடிபுகளுக்கு அவைகள் எத்தகைய ஒழுங்கினை வேண்டின என்பதற்குத் திருநெல்வேலி மாவட்டத்து மானூர்க் கல்வெட்டு ஒரு சான்று. மாறஞ்சடையன் என்னும் பாண்டியன் காலத்தது அது, ஏறக்குறைய கி.பி. 800ஆம் ஆண்டினது. சபையிற் கொணரும் காரியம் எதனையும் அன்று அன்று என்றே மறுத்துத் தடுத்து நிற்பவரும், அவர்க்குத் துணைநிற்பவரும் ஐந்து காசு தண்டம் இறுக்கவேண்டும் என்று அச்சபை விதித்தது. வீண் முட்டுக்கட்டையினை அவர்கள் நன்கறிந்திருந்தனர். எனினும் தண்டத்திற்கு அஞ்சி வாய்மூடியவரின் உடன்பாடும் அவையின் உடன்பாடென்றே கல்லில் ஏறும் அன்றோ?

மண்டபத்திற்கு இதுவரை கடைக்காலும் தோண்டப்படவில்லை. இதற்கிடையில், எம்மிடம் ஒன்பதாம் வகுப்பிற் பயின்ற நம் குலத்துச் சிறுவன் ஒருவன், நாள்தோறும் இரண்டு பஸ் மாறி வர இயலாதவனாய்ப் படிப்பை நிறுத்தி, தந்தையோடு செங்கற் சூளைக்குச் சென்றுவிட்டான். விடுதி இருந்திருப்பின் அவன் தங்கியிருப்பான் என்று யாம் அறிவேம். நூல்நிலையத்திற்குக் கைதூக்கிய எம் கையும் அவனை அனுப்பியதில் ஒரு பங்குடையது.

நிதியைப் பற்றிய வினாவினை வருகின்ற மகாசபையில் மீண்டும் வைக்கக் காரியக் கமிட்டியார் இசைந்துள்ளனர். கைதூக்கலை விடுத்துச் சீட்டு வழங்குக என்றும், சீட்டில் மூன்றனையும் விருப்ப வரிசையில் எழுதுக என்றும் யாம் பிரேரிக்கின்றோம். மூன்றனுள் ஒன்று ஏனை இரண்டனையும் தனித்தனி வெல்லுமாயின் அதுவே தீர்மானமாகுக. கொந்தோர்சே கண்ட சுழற்சி நேருமாயின் போர்தாவின் மார்க்குக் கணக்கினைப் போடுக. எம்முறை என்பதனை எண்ணத் தொடங்குமுன்னரே, எவர் வெல்வர் என்று ஒருவரும் அறியாதபோதே, புத்தகத்தில் எழுதிக் கையொப்பம் இடுக. பெரியவர்கள் பொறுத்தருளவேண்டும்: இளைஞர் பேசி முடித்த பின்னரே அவர்கள் பேசத் திருவுளங்கொள்க. சீட்டின் மாதிரி இவ்விதழின் கடைசிப் பக்கத்தில் அச்சிடப்பெற்றுள்ளது.